பெயர்ச்சுவர்

தலைவரின் வெண்கலச் சிலையை அறுத்து இறக்கும் வேலை வந்தபோது வெல்டர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த முகத்துக்குப் பயந்து ஊரே இருபத்தேழு வருடம் வாய் பொத்திக் கிடந்தது. ஆட்சி கவிழ்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கணுக்கால் இரண்டையும் கேஸ் கட்டரால் அறுத்தார். கிரேன் இழுக்க, சிலை முகங்குப்புற விழுந்தது. சதுக்கமே கைதட்டியது, அவரும் சிரித்தார்.

அடுத்தது பீடத்தின் பின்னாலிருந்த கருங்கல் சுவர். எல்லைப் போரில் செத்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. பதினோராவது வரிசையில் அவருடைய அண்ணன். உடல் வீடு வந்து சேரவேயில்லை. அண்ணி அழுவதற்கென்று இருந்த இடம் அந்த ஒரு வரிதான்.

"சுவர இடிக்க வேண்டாமே சார்," என்றார் இன்ஜினியரிடம்.

"எல்லாமே தரைமட்டமாகணும்னு உத்தரவு."

அதற்குள் கூட்டம் சம்மட்டியோடு வந்துவிட்டது. முன்னால் நின்றவர் டீக்கடைக்காரர். வெல்டர் குறுக்கே போய் நின்றார்.

"செத்தவங்க பேருண்ணே. விட்ருங்க."

"உங்கண்ணன் அந்தத் தலைவனுக்காகச் செத்தான், பேரு கல்லுல இருக்கு. என் மகன அவன் போலீஸ் அடிச்சே கொன்னுச்சு. எம்மகன் பேரு எங்க இருக்கு, சொல்லு."

"நாட்டுக்காகன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனாங்க."

"யாரு நாட்டுக்கு?"

பத்து வருடமாக அவர் கையால் டீ வாங்கிக் குடித்த வெல்டர், அந்தக் கையிலிருந்த சம்மட்டியைப் பார்த்தார். விலகி நின்றார். முதல் அடி விழுந்தது.

சாயங்காலம் அண்ணி வந்து இடிபாட்டில் உட்கார்ந்து துண்டுகளைப் புரட்டினார். எதிலும் முழுப்பெயர் இல்லை.

"நீங்க தடுக்கலையா தம்பி?"

"தடுத்தேன் அண்ணி. கொஞ்ச நேரம்."

யார் உடைத்தது என்று கேட்டார். டீக்கடைக்காரர் என்று வெல்டர் சொன்னார். அண்ணி கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

"அவரோட செத்துப்போன பையன எனக்குத் தெரியும். நம்ம வீட்டுக்குப் பால் கொண்டு வருவான்," என்றார். பிறகு, "உங்க அண்ணன் எதுக்குச் செத்தாருன்னு இனி யாராவது கேட்டா என்ன சொல்றது?"

வெல்டரும் உட்கார்ந்து துண்டுகளைப் புரட்டத் தொடங்கினார்.

மறுவாரம் அதே இடத்தில் புதுக்கொடி ஏற்றினார்கள். சிலையை இறக்கியவர் என்று வெல்டருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள், பக்கத்தில் அண்ணி. தேசியகீதம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். அண்ணி எழவில்லை. வெல்டர் பாதி எழுந்து, அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். பின்னாலிருந்து யாரோ அவருடைய நாற்காலியை உதைத்தார்கள்.