ரமிராம்மா வாசித்த மன்றாட்டு

எங்கள் சபையில் மெழுகுவர்த்தி கிடையாது, மாதா சுரூபம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிற திருவருகைக் காலம் என்று ஒன்று இருப்பதே பக்கத்து வீட்டு தெஞ்சா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கத்தோலிக்கக் கோயிலுக்குள் கால் வைத்தது தெரிந்தால் எங்கள் போதகர் ஒரு மாதத்துக்கு என்னை வைத்தே பிரசங்கம் பண்ணுவார். பண்ணட்டும். சிநேகிதி கையைப் பிடித்துக் கெஞ்சும்போது என்ன செய்வது?

"மூணாவது ஞாயிறு ரோஸ் மெழுகுவர்த்திய என்னை ஏத்தச் சொல்லியிருக்காங்கடி நொயெமி. வில்மெர் திரும்பி வரணும்னு ஏத்தறது. நீ மட்டும் கூட வா. அந்தப் பொம்பளைங்க நடுவுல தனியா நிக்க முடியாது என்னால."

வில்மெர் அவளுடைய ஒரே மகன். எல்லை தாண்டி நடந்தே அமெரிக்கா போகிறேன் என்று வடக்கே கிளம்பி மூன்று வருஷமாகிறது. கூடப் போன ஒஸ்மின் எல்லையில் பிடிபட்டு ஊர் திரும்பிவிட்டான். "அவனால நடக்க முடியல" என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. தெஞ்சா வீடு தேடிப் போனபோதெல்லாம் அவனுடைய பெரியம்மா ரமிரா வாசலிலேயே மறித்து அனுப்பினாள்.

இந்த ரமிராம்மாதான் பங்குக் கோயிலின் மாதர் குழுத் தலைவி. கோயில் சாவியும் அவளிடம், மைக்கும் அவளிடம். நவம்பரில் இறந்தவர்களின் பெயர்களோடு வில்மெர் பெயரையும் சீட்டில் எழுதிப் பீடத்தில் வைத்தாள். தெஞ்சா எல்லார் முன்னாலும் அதை எடுத்துக் கிழித்துப் போட்டாள். பையன் செத்துப்போனான் என்று பூசை வைத்து முடித்துவிட்டால், அவனை எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று ஒஸ்மினை யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா? அந்தப் புத்தி ரமிராம்மாவுக்கு நிறைய உண்டு.

அந்த ஞாயிறு எங்களைப் பார்த்ததும் கோயில் வாசலிலேயே ரமிராம்மா ஆரம்பித்தாள்.

"என்ன தெஞ்சா, அல்லேலூயாவையெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கே? இங்க கை தட்டிக் குதிக்கிறதெல்லாம் கிடையாதும்மா."

"பயப்படாதீங்க," என்றேன். "தூங்குறவங்கள எழுப்புற வழக்கம் எங்களுக்குக் கிடையாது."

நாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். நல்லதாகப் போயிற்று, காலை நீட்டி உட்கார்ந்தேன்.

தெஞ்சா ரோஸ் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சியில் பற்றிக்கொண்டது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் முகத்தில், எத்தனையோ நாளுக்குப் பிறகு, ஒரு தெளிவு இருந்தது.

பிறகு மன்றாட்டுகள். ரமிராம்மா மைக் முன்னால் வந்து நின்றாள். திருத்தந்தைக்காக ஒன்று, காப்பி அறுவடைக்காக ஒன்று, நோயாளிகளுக்காக ஒன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்பாள். உடனே கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்கள், கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"வடக்கே போகும் வழியில் உம்மிடம் வந்து சேர்ந்த எங்கள் சகோதரர் வில்மெர் நித்திய இளைப்பாற்றி அடைய, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

என் பக்கத்திலிருந்து தெஞ்சாவும் சொன்னாள்.

சிறுவயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"நான் என்னடி சொன்னேன்?" என்றாள். "நொயெமி, நான் என்ன சொல்லிட்டேன்?"

ரமிராவின் கொண்டையைப் பிடிக்கத்தான் எழுந்தேன். தெஞ்சா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, தானே மைக்கிடம் போனாள்.

"போய் உக்காரு தெஞ்சா. பூசை நடக்குது," என்றாள் ரமிராம்மா. சாமியார் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

தெஞ்சா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஆண்டவரே, இப்ப கேட்டத நீர் கேக்காதேயும். என் வாய் தெரியாம சொல்லிருச்சு. எம்புள்ள உசிரோட இருக்கான். ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

காப்பிச் செடிக்குத் திறந்த வாய்கள் எல்லாம் இப்போது இறுக மூடியிருந்தன. தெஞ்சா காத்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்தேன். எங்கள் சபையில் மெதுவாக ஜெபிக்கிற பழக்கம் இல்லை.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

"யாராவது அந்த அல்லேலூயாவ வெளிய அனுப்புங்க," என்றாள் ரமிராம்மா.

"உம்மை மன்றாடுகிறோம்," என்றாள் தெஞ்சா மறுபடியும். நான் மறுபடியும் கத்தினேன். இந்த முறை இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது, ஆண் குரல். மூன்றாவது வரிசையில் ஒஸ்மின் எழுந்து நின்றிருந்தான்.

"உக்காருடா!" என்றாள் ரமிராம்மா.

"உசிரோடதான் இருந்தான்," என்றான் ஒஸ்மின். "நாங்க விட்டுட்டுப் போறப்ப உசிரோடதான் இருந்தான். கூப்பிட்டுட்டே இருந்தான்."

தெஞ்சா மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எந்த எடத்துலடா?"