நுரை அடங்கும்வரை

"தாத்தா, நீங்க நெயில் பாலிஷ் குடிச்சியளா?"

ஷிபாவுக்கு அப்போது ஐந்து வயது. தாத்தாவின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கப் போனவள், பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இப்படிக் கேட்டாள். பதிலுக்குக்கூட நிற்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினாள்.

யோசுவா விழுந்து விழுந்து சிரித்தார். உடம்பில் கொழுப்பு எரியத் தொடங்கினால் வாயில் அப்படி ஒரு வாசனை வரும் என்று அவருடைய வாட்ஸ்அப் குழுவில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே பேத்தியின் கேள்வியை அவர் ஒரு நற்சான்றாகவே எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை நடக்கப் போன இடத்தில் நாலு பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். குழந்தை கொடுக்க வந்த முத்தத்தைக் கொடுக்காமல் போய்விட்டாளே என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஆரியசாலைக் கடைத்தெருவில் யோசுவாவுக்கு அரிசி மொத்தக்கடை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா வந்து பிடித்த கடை. அரிசி வியாபாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாக்கில் குத்தூசியைச் செருகி நாலு மணியை உள்ளங்கையில் எடுப்பார்கள். ஒன்றை முன்பல்லில் வைத்துக் கடிப்பார்கள். அந்தச் சத்தத்திலேயே அரிசி பழையதா புதியதா, ஈரம் பிடித்ததா என்று தெரிந்துவிடும். யோசுவா கடித்துச் சொன்னால் அந்தக் கடைத்தெருவில் மறுபேச்சு கிடையாது.

அறுபத்தேழாவது வயதில் சர்க்கரை ஏறி, தொந்தி சரிந்து, மாடிப்படியில் மூச்சு வாங்கியபோதுதான் யாரோ அவரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அரிசி விஷம், கிழங்கு விஷம், பழம்கூட விஷம். இறைச்சி, முட்டை, மீன், தேங்காயெண்ணெய், இவை மட்டும் அமிர்தம். யோசுவா எதையும் அரைமனதாகச் செய்யாதவர். காலையில் ஆறு முட்டை, மதியம் மாட்டிறைச்சி வறுவல், இரவில் மீன். மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியது. சாக்கு நிறுக்கிற தராசில் தினமும் காலையில் ஏறி நிற்பார். பதினான்கு கிலோ குறைந்தது. தராசு பொய் சொல்லாது என்பது அவர் பரம்பரை நம்பிக்கை.

எடை குறையக் குறைய அவருக்குள் ஒரு அருவருப்பு வளர்ந்தது. முதலில் அது அரிசியின் மேல் வந்தது. மணியைக் கடித்ததும் துப்பிவிட்டு மூன்று தடவை வாய் கொப்பளித்தார். பிறகு கடிப்பதையே நிறுத்தி, அந்த வேலையைக் கடையைப் பார்த்துக்கொள்கிற அஜீஷிடம் விட்டார். அடுத்து அது சோறு தின்கிற மனிதர்களின் மேல் வந்தது. விரலிடுக்கில் குழம்பு வழியப் பிசைவதும், உருட்டி விழுங்குவதும் அவருக்குப் பன்றித்தொட்டியை நினைவுபடுத்தின. சபையில் வருஷா வருஷம் நடக்கும் அசன விருந்துக்கு அரிசி மூட்டை அவர் கடையிலிருந்துதான் போகும். அந்த வருஷமும் போனது. எல்லோரும் ஒரே பந்தியில் ஒரே சோற்றைத் தின்பதுதான் அசனம். யோசுவாவோ சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கித் தள்ளிவிட்டு ஆட்டிறைச்சியை மட்டும் பொறுக்கித் தின்றார். பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி ஞானபாய் அதைப் பார்த்துவிட்டு வாளியோடு அடுத்த பந்திக்குப் போய்விட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்கு அருவருப்பூட்டியவள் பேச்சி. கடையைப் பெருக்குகிறவள், புருஷனை இழந்தவள், ஐம்பதைத் தாண்டியவள். மூட்டை ஏற்றி இறக்கும்போது சிந்துகிற அரிசியைக் கூட்டி, எலிப்புழுக்கையையும் சணல்நூலையும் பொறுக்கி எறிந்துவிட்டுப் பையில் கட்டிக்கொண்டு போவாள். கோழிக்கு என்பாள். அவள் வீட்டில் இருப்பது மூன்று கோழி என்பதும், அவள் கொண்டுபோவது முப்பது கோழிக்குக் காணும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். யோசுவா அதைத் தடுக்கவில்லை. ஆனால் அவள் பொறுக்க உட்கார்ந்தால் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டு வருஷம் போயிற்று. பங்குனி வெயில் தொடங்கிய நாட்களில் தராசு திடீரென்று மேலே போனது. ஒரு வாரத்தில் இரண்டு கிலோ. சாயங்காலமானால் செருப்பு வார் காலில் பதிந்து, கழற்றிய பிறகும் பள்ளமாகவே நின்றது. வீட்டில் யாரோ குழம்பில் மாவு கலக்கிறார்கள் என்று ஞானபாயோடு சண்டை போட்டார். இருந்த கொஞ்சக் காய்கறியையும் நிறுத்தினார்.

அப்படி ஒரு காலையில் கடையின் பின்கட்டுக் கழிப்பறையில் நுரையைப் பார்த்தார். சிறுநீர் கழித்த இடத்தில், முட்டை வெள்ளையை அடித்து ஊற்றினாற்போலக் கெட்டியாக நின்றது. ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினார், போகவில்லை. இரண்டாவது கோப்பைக்கும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவருக்குக் கோபம் தலைக்கேறியது. முன்கட்டுக்கு வந்து, மூட்டை சுமக்கிறவர்கள் எல்லோரும் பார்க்கப் பேச்சியைக் கூப்பிட்டார்.

"கக்கூசு கழுவினா போட்ட பொடியையும் சேத்துக் கழுவணும். நுரை நுரையா நிக்குது. கண்ணு தெரியலியா உனக்கு?"

சுமை தூக்குகிற கைலாஷுக்கு வாய் சும்மா இராது. யாருக்காவது ஒரு பட்டப்பெயர் வைத்தால் அது செத்தாலும் போகாது. "மொதலாளி குளிக்கட்டும்னு சோப்பு பதப்பிச்சு வச்சிருக்கா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

ஆட்கள் கலைந்த பிறகு அவள் மேசையருகே வந்து நின்றாள். குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள்.

"மொதலாளி, பொடி தீந்து மூணு நாளாச்சு. வெறும் தண்ணியிலதான் கழுவுதேன்." கொஞ்சம் தயங்கினாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் நுரைச்சுது. ஆஸ்பத்திரியில காட்டும்போ கிட்னி போயிருந்துது. நீங்க ஒண்ணு காட்டணும்."

யோசுவாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எலிப்புழுக்கைக்குள் கையை விடுகிற ஒருத்தி தன்னுடைய மூத்திரத்தை உற்றுப் பார்த்திருக்கிறாள், அதைத் தன் புருஷனுடையதோடு ஒப்பிட்டும் பேசுகிறாள்.

"உன் சோலிய மட்டும் பாரு" என்றார்.

நல்ல சொல் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்த்துத்தான் நாம் கதவைத் திறக்கிறோம். யோசுவா அன்று கதவைச் சாத்திவிட்டார்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம். அஜீஷ் பாங்கிக்குப் போயிருந்தான். சுமைக்காரர்கள் மூலையிலுள்ள ஓட்டலில் சாப்பிடப் போயிருந்தார்கள். யோசுவா டிபன் பாத்திரத்தைத் திறந்தார். கொஞ்ச நாளாகவே இறைச்சியில் அவருக்குப் பழைய செப்புக்காசின் நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிப் பழகியிருந்தார். அன்று ஒரு துண்டை வாயில் வைத்ததும் குடல் முறுக்கிக்கொண்டு மேலே வந்தது. மேசையில், மாதிரி அரிசி வைத்திருந்த டப்பாக்களில், சட்டையில், மடியில் எல்லாம் கொட்டியது. எழுந்திருக்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை. தன் நாற்றத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தார்.

பேச்சி பின்கட்டிலிருந்து வந்தாள். சேலைத் தலைப்பு அவள் மூக்கருகே போகவில்லை. அவர் அதைக் கவனித்தார், பிற்பாடு பல நாள் அதையே நினைத்தார். டப்பாவில் தவிடு அள்ளிக்கொண்டு வந்து சிந்திய இடமெல்லாம் தூவினாள். அது ஊறட்டும் என்று விட்டுவிட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு நடத்திக்கொண்டு போனாள்.

"குனியுங்க" என்றாள்.

மீசையில் ஒட்டியிருந்ததைக்கூட அவள்தான் கழுவினாள். சட்டையை அலசிக் கொடியில் போட்டாள். ஊறிக் கட்டியான தவிட்டைக் கையால் வழித்துச் சாக்குத்துண்டில் அள்ளினாள். மேசையைத் துடைத்தாள், தரையைக் கழுவினாள். கடைசியில் துடைப்பத்தைக் கழுவி, நுனி மேலே இருக்கும்படி சுவரில் சாய்த்துவைத்தாள்.

சுமைக்காரர்கள் திரும்பி வந்தபோது யோசுவா தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கைலாஷ் கேட்டான்.

"எலி செத்துக் கெடந்துது" என்றாள் பேச்சி.

பொய் சொல்வது பாவம் என்று முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யோசுவா. அன்று ஒரு ஏழைப் பெண் சொன்ன பொய்க்குள் அவர் ஒளிந்துகொண்டார். அவளுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. நன்றி சொல்வதென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே.

மறுநாள் அவருடைய வீங்கிய காலைப் பார்த்துவிட்டு ஞானபாய் அவரை டாக்டர் ஆஷாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் புதிய ரிப்போர்ட்டையும் இரண்டு வருஷத்துக்கு முந்திய பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதிலேயே, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் 1.4 என்று தடித்த எழுத்தில் இருந்தது. யோசுவா அன்று சர்க்கரை வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்திருந்தார். புதியதில் 2.6.

சர்க்கரை குறைந்ததும் எடை குறைந்ததும் நிஜம்தான் என்றார் டாக்டர். ஆனால் தொடங்கும்போதே சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது. அதன்மேல் வயசு, ரத்த அழுத்தம். அந்தச் சிறுநீரகத்தின் தலையில் இத்தனை இறைச்சியை ஏற்றி, இரண்டு வருஷமாக ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. எதனால் எவ்வளவு கெட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மீதி இருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று மட்டும் சொல்ல முடியும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றினால் பல வருஷம் ஓட்டலாம். இப்படியே போனால் டயாலிசிஸ் தூரத்தில் இல்லை.

"அப்போ அரிசி?" என்று கேட்டார் யோசுவா.

"அளவா சாப்பிடுங்க. இறைச்சியத்தான் குறைக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் ஞானபாய் ஒரு சின்னக் கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். உப்பு பேருக்குத்தான் இருந்தது. குழைந்து, வெள்ளையாக, ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அவருக்குக் குமட்டியது. கிண்ணத்தைத் தள்ளினார். ஞானபாய் அதை மறுபடியும் அவர் முன்னால் நகர்த்தினாள்.

"நீங்கதான் அரிசியத் துப்பினிய. அது உங்கள ஒருநாளும் துப்பல கேட்டியளா. குடியுங்க."

குடித்தார். மூன்றாவது மடக்கு உள்ளே போனபோது, அரிசி தந்த பணத்தில் தன்னைப் படிக்க வைத்த அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அருவருப்பு போகவில்லை. அது கிண்ணத்திலிருந்து கிளம்பி நேராக அவர்மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அசனப் பந்தியில் இலையின் ஓரத்துக்குத் தள்ளிய சோறு கண்ணில் நின்றது. பேச்சியைக் கூப்பிட்டு நிறுத்தித் திட்டியது காதில் கேட்டது. அந்த நுரை அவருடையது. அவருடைய சிறுநீரகம் கசியவிட்ட நுரைக்கு அவளல்லவா தலைகுனிந்து நின்றாள்.

தன் பேச்சைக் கேட்டு அரிசியை விட்டவர்கள் சபையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டு எதுவும் செய்யுங்கள் என்று சொன்னார். குழுவிலும் தன் ரிப்போர்ட்டைப் போட்டார். லேபில் தப்பு என்று எழுதினான் ஒருவன். யோசுவா குழுவை விட்டு வெளியே வந்தார். கால் வீக்கம் மெல்ல வடிந்தது. அடுத்த சோதனையில் எண் ஏறாமல் நின்றது. ஷிபா இப்போதெல்லாம் முகத்தைத் திருப்புவதில்லை. பேச்சியிடம் மட்டும் அவரால் பேச முடியவில்லை. அவள் கண்ணில் பட்டாலே குற்றவாளிபோல ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுவார்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்தே பேச்சி அடிக்கடி பின்கட்டுக்குப் போய்வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மொதலாளி, வயிறு செரியில்ல. வீட்டுக்குப் போறேன்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையின் கீழ்ப்பாதி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒரு ஆட்டோவைப் பிடித்து அனுப்பிவிட்டு, ஏதோ தோன்ற, அவர் பின்கட்டுக்குப் போனார்.

கழிப்பறைவரை அவளால் எட்ட முடியவில்லை. வாசலிலும் குழாயடியிலும் சுவரின் கீழேயும் பேதியாகிக் கிடந்தது. கழுவப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் கொட்டிக் கோப்பை கவிழ்ந்து கிடந்தது, அதற்குமேல் அவளுக்குத் தெம்பு இல்லை. கூரைக்குக் கீழே என்பதால் மழையும் கழுவிக்கொண்டு போகாது. ஈக்கள் வந்துவிட்டன.

யோசுவா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். இன்னும் கால்மணியில் கைலாஷ் வருவான். கை கழுவ நேரே இங்கேதான் வருவான். பிறகு அவன் வைக்கிற பெயரோடுதான் பேச்சி ஆரியசாலையில் சாகும்வரை நடக்க வேண்டும்.

மூக்கிலிருந்து துண்டை எடுத்து ஆணியில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தவிட்டுச் சாக்கை அவிழ்த்து டப்பா நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். எல்லா இடத்திலும் தூவினார். அவள் செய்தது போலவே ஊறுகிறவரை காத்திருந்தார். காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு தடவை ஓங்கரித்தது, விழுங்கிக்கொண்டார். பிறகு குந்தி உட்கார்ந்து கையால் வழித்துச் சாக்குத்துண்டில் அள்ளினார். மெதுமெதுவென்று வெதுவெதுப்பாக இருந்தது. ஆண்டவரே என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். வேறு ஜெபம் எதுவும் வரவில்லை.

சோப்புப் பொடியைக் கொட்டித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தார். பொடி அதிகமாக விழுந்துவிட்டது. தரை முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை எழுந்தது. ஒரு வாளி ஊற்றினார், நுரை நின்றது. இரண்டாவது வாளிக்கும் மூலைகளில் ஒட்டிக்கொண்டு நின்றது. முழங்கால் வலித்தது, மூச்சு வாங்கியது. மூன்றாவது, நான்காவது என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். கடைசி நுரை ஓடைக்குள் இறங்கி, வெறும் தண்ணீர் மட்டும் ஓடுகிறவரை நிறுத்தவில்லை.

பிறகு துடைப்பத்தைக் கழுவி, அவள் வைப்பதுபோலவே நுனி மேலே இருக்கும்படி சுவரில் சாய்த்துவைத்தார்.