செய்த அன்று இருந்தபடி

“பழைய மாதிரின்னா எந்தப் பழைய மாதிரி?” என்று கேட்டேன். “செஞ்ச அன்னைக்கு இருந்த மாதிரியா, உங்க அப்பா உக்காந்த காலத்துல இருந்த மாதிரியா, இல்ல நேத்து இருந்த மாதிரியா?”

“வர்றவங்க பாத்துட்டு வாயைப் பொளக்கணும். அந்த மாதிரி.”

“அதுக்கு ரெண்டு கை வார்னிஷ் போதுமே. நான் எதுக்கு?”

“மத்தவன் எவனும் புனித வாரத்துக்குள்ள முடிச்சுத் தர மாட்டேன்னுட்டான். அதனாலதான் நீங்க. ரொம்ப மிதக்காதீங்க, எலாடியோ,” என்றாள் நுபியா.

அவள் கைவண்டியில் கட்டிக் கொண்டுவந்த ஆடுநாற்காலி எங்கள் இருவருக்கும் நடுவே, என் பட்டறை வாசலில் நின்றது. ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் தங்கள் வீட்டை அவள் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத் திருவிழாவுக்காக எங்கள் ஊரான மொம்போஸ் வரும் கூட்டத்தில் நான்கு பேர் ஏற்கெனவே அறை சொல்லிவைத்திருந்தார்கள். ஊரே ‘தோன்யா’ என்று மரியாதையாகக் கூப்பிடும் அவள் அம்மா எர்மிண்டாவைப் பின்கட்டு அறைக்கு மாற்றியாகிவிட்டது. முன்கூடத்தில் இந்த நாற்காலி பளபளவென்று நிற்க வேண்டும், வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவள் கணக்கு.

நான் அதற்குள் நாற்காலியோடு காதலில் விழுந்திருந்தேன். நல்ல மஹாகனி. நூற்றிருபது வயதாவது இருக்கும். கைப்பிடிகளின் நுனியில், கட்டைவிரல்கள் தேய்த்துத் தேய்த்து உண்டான இரண்டு குழிகள். வலது கைப்பிடியில் சுருட்டு சுட்ட தழும்புகள், வரிசையாக, எறும்புச் சாரை போல. இதன் மேல் வார்னிஷ் அடிப்பதும் தூங்குகிறவர் முகத்தில் சாயம் பூசுவதும் ஒன்று என்று சொன்னேன். அரைமணி நேரம் வாதாடினோம். கடைசியில் நான் ஜெயித்தேன். தழும்பைத் தொடுவதில்லை, பளபளப்பு இல்லை; ஆட்டம் கண்ட மூட்டுகளைப் பிரித்து ஒட்டி, மெழுகு தேய்த்து, புதிதாகப் பிரம்பு பின்னுவது மட்டும்.

வண்டியைத் திருப்பும்போது அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

“அம்மா சொல்லச் சொன்னாங்க. கீழ கை வைக்க வேண்டாமாம்.”

“கீழன்னா?”

“யாருக்குத் தெரியும்? கேட்டா ஜெபமாலையைக் கையில எடுத்துக்கறாங்க. விடுங்க.”

விட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பை அன்று மதியமே செய்தேன். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டபோது, தரையில் உருண்டு ஆடும் இடது வளைகட்டையின் பின்பக்கத்தில் ஓர் ஆப்பு அறையப்பட்டிருந்தது. விரல் நீளம். நான்கு துருப்பிடித்த ஆணிகள். மஹாகனிகூட இல்லை, வெறும் இலவ மரம். யாரோ வெட்டுக்கத்தியால் அவசரமாகச் சீவியது. அது இருக்கிறவரை நாற்காலி பின்னால் சாயவே முடியாது. ஆடுநாற்காலிக்குக் காலில் விலங்கு போட்டது மாதிரி.

கார்த்தஹேனா நகரத்தில் இரண்டு வருடம், பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் இந்தத் தொழிலைப் படித்தவன் நான். அங்கே கற்றுக்கொண்ட ஒரு விதியை ஜெபம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன்: மரத்தில் காலம் செய்ததை விட்டுவை, மனிதன் பின்னால் ஒட்டவைத்ததை எடுத்துவிடு. குறட்டைக் கையில் எடுத்தேன்.

பட்டறையின் பாதியை வாடகைக்கு எடுத்துப் பிரம்பு பின்னுகிற தொமாசா அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னடா பண்றே?”

“இது அசல் இல்ல.”

“உன் முன்பல்லுகூடத்தான் அசல் இல்ல. நான் புடுங்கினேனா?” என்றாள். “எவனோ காரணத்தோட அடிச்சிருக்கான். ஆப்பைப் புடுங்கின குரங்கு கதைதான் ஆகும், சொல்லிட்டேன்.”

நான்கு ஆணிகளும் அழுதுகொண்டே வந்தன. ஆப்பை, மற்றச் சில்லுகளோடு சேர்த்து, மரம் ஒட்டும் வச்சிரம் காய்ச்சும் அடுப்பில் போட்டேன். வேலை மிச்சத்தை அடுப்பில் போடாத தச்சன் இந்த ஊரில் கிடையாது. கொஞ்சம் அதிகமாகப் புகைந்தது. அவ்வளவுதான்.

மூட்டுகள் காய்ந்த பிறகு ஆட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரில் குழந்தைகள் எழுந்து நடப்பதற்கு முன்பே கற்றுக்கொள்வது ஒன்று உண்டு: ஆடுநாற்காலியை விட்டு எழுந்தால், அது நிற்கும்வரை முதுகில் கை வைத்திரு. காலியாக ஆடும் நாற்காலி யாரையோ உட்காரச் சொல்கிறது. மறந்தால் முதுகில் அடி விழும். மற்றத் தச்சர்கள் ஒருவரை உட்காரவைத்துத்தான் ஆட்டம் பார்ப்பார்கள். நான் அதையெல்லாம் நம்பாதவன் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. தனியாகத் தள்ளிவிட்டு எண்ணினேன். நன்றாகச் செய்த நாற்காலி ஒரு தள்ளுக்கு இருபது, இருபத்தைந்து முறை ஆடி நிற்கும். இது நாற்பதைத் தாண்டியது. அறுபது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செய்தவன் கை எப்பேர்ப்பட்ட கை என்று நினைத்துக்கொண்டே சாப்பிடப் போனேன். வறுத்த மீனும் மரவள்ளிக் கிழங்கும். முள் எடுத்துத் தின்று, கை கழுவி, காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

ஆடிக்கொண்டிருந்தது.

கூரைவிசிறி நின்றிருந்தது. ஆற்றுக்காற்றும் இல்லை. நாற்காலியில் அப்போது பிரம்புகூடக் கிடையாது, வெறும் சட்டம். உட்காரும் இடத்தில் ஓட்டைதான் இருந்தது. காலி நாற்காலியை நிறுத்த ஒரு விரல் போதும். எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

தொமாசாவிடம் சொல்லவில்லை. மறுநாள் அவள் இருக்கையைப் பின்னினாள். பிரம்பை ஊறவைத்து ஈரத்தோடுதான் பின்னுவார்கள். காயக் காய இறுகி மத்தளம் போலாகும். காய்வதற்குள் யாராவது உட்கார்ந்தால் அந்த உட்காரலின் அச்சு அப்படியே நின்றுவிடும். மாலையில் பட்டறையைப் பூட்டிச் சாவியை நான்தான் எடுத்துப்போனேன். காலையில் தொமாசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“எவனைடா உக்கார வெச்சே?”

இருக்கை குழிந்திருந்தது. பருமனான ஆளின் அகலமான பின்புறம். இடது பக்கம் கொஞ்சம் ஆழம் அதிகம், ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காரும் பழக்கம் உள்ளவர் போல.

பிரம்பு மட்டமாக இருக்கலாம், ஈரக்காற்று காரணமாக இருக்கலாம் என்று என்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சிலுவைக்குறி போட்டாள். பிரம்பை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி பின்னினாள். ஆனால் இந்த முறை வாசல் வெயிலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் வைத்துப் பின்னினாள். காயும்வரை தன் சமையல் சட்டியை இருக்கையின் அடியில் முட்டுக் கொடுத்திருந்தாள். முடிந்ததும் சொன்னாள்: “இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. எனக்குக் கூலிகூட அப்புறம் போதும்.” தொமாசா கூலியை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது என் நினைவில் அது ஒரு தடவைதான்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் கொண்டுபோனேன். நுபியாவுக்குப் பிடித்திருந்தது. வார்னிஷ் இல்லாமலே மரம் உள்ளிருந்து ஒளிர்கிறது என்று அவளே ஒப்புக்கொண்டாள். சத்தம் கேட்டுத் தோன்யா எர்மிண்டா பின்கட்டிலிருந்து வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல், குனிந்து இடது வளைகட்டைக்கு அடியில் கையைவிட்டுத் தடவினார்.

“எங்கே?”

அது அசல் இல்லை என்றும், இப்போதுதான் நாற்காலி செய்த அன்று இருந்தபடி இருக்கிறது என்றும் நான் விளக்க ஆரம்பித்தேன்.

“அது எங்கேன்னு கேட்டேன், மகனே.”

“அடுப்புல போட்டுட்டேன், தோன்யா.”

அடுத்த வீட்டுக் குழந்தை தண்ணீர்ப் பானையைப் போட்டு உடைத்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சரி. அப்போ நான் இருந்துக்கறேன்,” என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் நுபியா பட்டறைக்கு வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. அம்மா எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார் என்றாள். சாப்பாடு அதிலேயே, தூக்கம் அதிலேயே. தூங்கும்போது கால் தரையில் படுவதில்லை. ஆனால் நாற்காலி ஆடிக்கொண்டிருக்கிறது. கிழவிக்குப் பிடிவாதம் என்றுதான் இவள் முதலில் நினைத்திருக்கிறாள். ஞாயிறு அன்று வலுக்கட்டாயமாகக் குளிக்க அழைத்துப் போயிருக்கிறாள். குளியலறையில் இருக்கும்போதே கூடத்தில் நாற்காலியின் சத்தம் நின்றது. பிறகு செருப்புச் சத்தம். கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு. ஓர் இருமல். அம்மா ஈரத்தலையோடு ஓடிவந்து உட்கார்ந்த பிறகுதான் வீடு அடங்கியது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஓய்வு கொடுக்க இவள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள்.

“அஞ்சு நிமிஷம்கூட முடியல, எலாடியோ.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “பிரம்பு மேல உக்காந்த மாதிரி இல்ல. மடியில உக்காந்த மாதிரி இருக்கு.”

விருந்தாளிகள் வேறு விடுதிக்குப் போய்விட்டார்கள். அதைப் பற்றி அவள் பேசக்கூட இல்லை.

இரும்பு மாதிரி இருக்கும் குவாயகான் மரத்தில், பழைய அளவுக்கே ஓர் ஆப்பு செதுக்கி எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில். சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. தோன்யா எர்மிண்டா முன்கூடத்தின் நடுவில் இருந்தார். மூன்றே நாளில் முகம் வற்றியிருந்தது. கணுக்கால்கள் வீங்கித் தளும்பின. நான் அவர் காலடியில் படுத்துக்கொண்டு ஆப்பை அறைந்தேன். நான்கு புது ஆணிகள். நாற்காலி அசையாமல் நின்றது.

“இரு, பாக்கலாம்,” என்று மெல்ல எழுந்தார். முதுகுச் சட்டத்தில் கையை வைத்தபடியே நின்றார். பிறகு கையை எடுத்தார்.

ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. நுபியா பெருமூச்சுவிட்டாள். அப்போது முதல் ஆணி வெளியே வந்தது. அவசரமே இல்லாமல், குறட்டால் இழுப்பது போலச் சீராக வந்து தரையில் விழுந்தது. பிறகு இரண்டாவது. என் தலைக்குப் பக்கத்தில்தான் விழுந்தன. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தலைநீட்டும்போது தோன்யா எர்மிண்டா உட்கார்ந்துவிட்டார். அது பாதியிலேயே நின்றது; ஆனால் ஆப்பு பிடிப்பு விட்டு ஒருபக்கமாகத் திரும்பித் தொங்கியது.

“எந்தக் கட்டைனாலும் கேக்காது,” என்றார். “நீ எரிச்சது நுபியாவோட அப்பா சவப்பெட்டிப் பலகையில மிஞ்சின துண்டு. ஒன்பதாம் நாள் ஜெபம் முடிச்சு, வீட்டுல வெச்ச பீடத்தைக் கலைச்சு, கதவைத் திறந்து போகச் சொன்னோம். செத்தவங்க எல்லாரும்தான் போறாங்க. எவாரிஸ்தோ மட்டும் போகல. பத்தாம் நாள் காலையில நானே சீவி நானே அடிச்சேன். இருபத்தாறு வருஷம் நிம்மதியா இருந்தேன்.”

நாற்காலியை எரித்துவிடலாமா என்று கேட்டேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று இருந்தது.

“எரிச்சா? அவர் உக்கார வீட்டுல வேற நாற்காலியே இல்லையா? கட்டில் இல்லையா?”

நுபியா சுவரோடு ஒட்டி நின்றாள். அப்பா யாருக்கும் கெடுதல் செய்ததில்லையே, அவர் வந்து உட்கார்ந்தால்தான் என்ன என்று அழுகிற குரலில் கேட்டாள்.

“நல்லவர்தான்,” என்றார் அம்மா. “உக்காந்தா எனக்கென்ன? உக்காந்தவர் எழுந்திருப்பாரே. எழுந்து என்னைத் தேடுவாரே. முப்பது வருஷம் அவர் கூப்பிட்ட குரலுக்குப் போயிருக்கேன். போதும்டி.”

தெருவில் ஐஸ்காரனின் மணி போயிற்று. நாற்காலி ஆட ஆரம்பித்தது. கிழவியின் பாதங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே, அசையாமல் தொங்கின. நான் கைப்பிடியைப் பார்த்தேன். மெழுகு தேய்த்து நான் அப்படியே காப்பாற்றிக் கொடுத்த அந்தக் கட்டைவிரல் குழிகளில் தோன்யாவின் விரல்கள் இல்லை. கைகளை மடியில் கோத்து வைத்திருந்தார். இருந்தும், குழிகளில் மெழுகு மங்கித் துலங்கி, மங்கித் துலங்கிக்கொண்டிருந்தது, யாரோ மெதுவாகத் தேய்ப்பது போல.

தோன்யா எர்மிண்டா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்களில் கோபம் இல்லை. தூக்கம்தான் இருந்தது, கடல் அளவு தூக்கம்.

“காலு ரெண்டும் மரத்துப் போச்சு, மகனே. நான் போய் முகம் கழுவிட்டு, கட்டில்ல ஒரு அரை மணி படுத்துட்டு வந்துடறேன். உன்னை அவருக்குத் தெரியாது, ஒண்ணும் பண்ண மாட்டார். அதுவரைக்கும் நீ இதுல உக்காந்திருக்கியா?”