கூட உட்காருகிறவர்கள்

“அத்திபெலேல டிராஃபிக் ஜாமாம். ராகேஷ் வர அரை மணி நேரமாகும்” என்றார் முனியப்பன் மாமா, மூன்றாவது தடவையாக. அவர் மகன் ராகேஷ் வந்துதான் அவருடைய அக்கா சந்திரம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டுமாம். ஏழு மாதம் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்த சுனிதா எதிரிலேயே நிற்கிறாள். ஒரே மகள். அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஷாமியானாவுக்குக் கீழே ஒன்பது பெண்கள். ஆஸ்டின் டவுனில் வீட்டு வேலை செய்பவர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஆபீசுக்கோ யாரும் தனியாகப் போகக் கூடாது என்று இவர்களைச் சேர்த்தவள் அம்மா சந்திரம்மாதான். கூடப் போவாள், பக்கத்தில் உட்காருவாள், வாயைத் திறக்க மாட்டாள். பேச வேண்டியது அவரவர் பாடு. ஹெட்மாஸ்டர் சுனிதாவுக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் தராதபோதும் அப்படித்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுனிதாதான் அழுதுகொண்டே பேசி வாங்கினாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“அன்னம்மாக்கா, நீங்களாவது மாமாகிட்ட சொல்லுங்க. நான்தான் கொள்ளி வெக்கணும்.”

“நீ சொல்லும்மா. நாங்க இருக்கோம்” என்றாள் ஒன்பது பேரில் மூத்தவளான அன்னம்மாள்.

சுனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீட்டிலுமா இந்தப் பாடம்? விறுவிறுவென்று மாமாவிடம் போனாள். பின்னால் நாற்காலிகள் இழுபட்டன. ஒன்பது பேரும் மாமாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா?

“ராகேஷ் வேணாம் மாமா. நான் வெக்கறேன்.”

“பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கணும். சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?”

சுனிதா அன்னம்மாளைப் பார்த்தாள். அவள் தன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவத் தூக்கிக் குளிப்பாட்டினது நான். பீ மூத்திரம் அள்ளினது நான். அப்ப யாரும் ராகேஷ் எங்கேன்னு கேக்கல.”

மாமா ஒன்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையிலிருந்த போன் அடித்து ஓய்ந்தது.

“கொள்ளிச் சட்டிய அவகிட்ட குடுங்க” என்றார். “தெருமுனை வரைக்கும்தான்.”

தெருமுனையில் பேக்கரி அருகே பாடை நின்றது, பெண்கள் திரும்பிப் போவதற்காக. சட்டியை வாங்க மாமா கையை நீட்டினார். புகை கண்ணைக் கரித்தது. கொள்ளிச் சட்டியின் கயிறு விரல்களை அறுத்தது. சுனிதா அதை விடவில்லை.

பின்னால், வீட்டுப் பக்கம் திரும்பாமல், அன்னம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.