கால் கட்டைவிரல்

ஆயுசு முழுக்கப் பட்டறையில் இரும்படித்ததில் அவருக்குக் காது இரண்டும் போய்விட்டது. காதில் மிஷின் மாட்டாவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. அந்த மிஷினையும் டெக்னீஷியன் பெண் கழற்றி மனைவியின் கையில் கொடுத்துவிட்டாள். தலைக்குள் வீங்கி நிற்கும் ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும்போது தலைப்பக்கம் உலோகம் இருக்கக் கூடாதாம்.

வளைந்த பெரிய எக்ஸ்ரே கை ஒன்று தலையைச் சுற்றி வரும். அது நிற்கிறவரை அவர் மூச்சடக்கி அசையாமல் கிடக்க வேண்டும். மைக்கில் சொல்லிப் பயனில்லை என்பதால், கண்ணாடிக்கு வெளியே மனைவி கன்னத்தை உப்பினால் அவரும் மூச்சை அடக்குவதாக ஏற்பாடு.

பாதிச் சுற்றில் அந்தக் கை குறுக்கே வந்து அவளை மறைத்தது. பெண்டாட்டியைக் காணோமே என்று மனுஷன் தலையைத் திருப்பிவிட்டார். படம் மொத்தமும் கலங்கிப்போனது.

"ரத்தக்குழாய் படத்துல தெரியறதுக்கான மருந்தை இன்னும் ஒரே தடவைதான் ஏத்தலாம்மா. அதுக்கு மேல கிட்னி தாங்காது," என்றாள் டெக்னீஷியன். "படம் தெளிவா இல்லேன்னா டாக்டர் வீக்கத்தை அடைக்க உள்ள போக மாட்டார். அது எப்ப வேணா வெடிக்கலாம்."

"மயக்க ஊசி போட்டா?"

"அவர் நெஞ்சு தாங்காதே."

அழுது என்ன ஆகப்போகிறது? மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் உள்ள வரேன். கால்மாட்டுல நிக்கிறேன்."

"அங்கேருந்து எப்படிச் சொல்லுவீங்க?"

"கால் கட்டைவிரலை அமுக்குவேன். இந்த மனுஷன் என் பேச்சை என்னிக்குக் கேட்டாரு? ஆனா ராத்திரி குறட்டை விடறப்போ அந்த விரலை ஒரு அமுக்கு அமுக்குனா போதும், கப்சிப்."

டாக்டர் முடியாது என்றார். கதிர் படுமே! அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் ஈய அங்கியை மாட்டி, கால்மாட்டில் ஒரு தடுப்புக்குப் பின்னால், கை மட்டும் அவர் காலை எட்டும்படி நிறுத்தினார்கள். மிஷினை ஒரு நிமிஷம் அவர் காதில் மாட்டி விஷயத்தைச் சொன்னதும், "அமுக்குனா அடக்கணும், விட்டா விடணும், அவ்வளவுதானே!" என்று அறை அதிரக் கத்தினார்.

மிஷின் மறுபடி காதைவிட்டு இறங்கியது. அவள் விரலை அமுக்கினாள். எக்ஸ்ரே கை சுழன்றது. அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை, கையிலிருந்த விரல் மட்டும்தான் தெரிந்தது. அது அசையவில்லை.

"வந்துடுச்சும்மா! பளிச்சுனு இருக்கு!" என்று ஸ்பீக்கரில் குரல் கேட்டது. அவள் அப்படியே நின்றாள். கேட்டதை நம்பப் பயமாக இருந்தது.

"அம்மா, விரலை விடுங்க! ஐயா இன்னும் மூச்சே விடல!"

பதறிப்போய்க் கையை எடுத்தாள். சிவந்த முகத்தோடு அவர் புஸ்ஸென்று மூச்சை விட்டார்.

"என்னடி, மறந்துட்டியா? நீ விடாம நான் எப்படி விடறது?"

அதுவரை அழாதவள், அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.