வைத்தியர் சொன்ன பொய்

கேம் வெளிவந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்திருந்தன. அலுவலகமே கூத்தும் கொண்டாட்டமுமாக இருக்க, அதை எழுதிய கதாசிரியை மட்டும் கணினித் திரையில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்தத் தங்கையால் வந்தது. விளையாடுபவர் ஒரு படகோட்டியாக வேடமேற்று, நோயில் கிடக்கும் தங்கையைப் படகில் ஏற்றிக்கொண்டு துறை துறையாகப் போகவேண்டும். கடைசித் துறையில் அவள் இறந்துவிடுவாள். தலைகீழாக நின்றாலும் காப்பாற்ற முடியாது. "கதைன்னா இதுதான், தேம்பித் தேம்பி அழுதேன்" என்றது ஒரு கூட்டம். "முப்பது மணி நேரத்தை ஏமாத்திப் பிடுங்கிட்டாங்க" என்று கொதித்தது இன்னொரு கூட்டம்.

தயாரிப்பு மேலாளரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அவளைப் பொழைக்க வெச்சிடும்மா. ஒரு அப்டேட்ல சண்டை ஓஞ்சிடும்."

"முடியாது சார். அவளுக்காக அழுதவங்களை எல்லாம் முட்டாளாக்கின மாதிரி ஆயிடும்."

கேப்டன் பேனாவால் மேசையைத் தட்டினார். "திங்கட்கிழமை வரைக்கும் யோசி. நீ எழுதலன்னா வேற ஆள் எழுதுவாங்க."

அவள் யோசிக்கவில்லை. திட்டுகிறவர்களில் ஒருவரையாவது பக்கத்தில் இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள். ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சொந்த அண்ணனே இருந்தான். லிஃப்ட் மெக்கானிக். முதல் நாளே கேமை வாங்கியவன், நான்கு நாளாகப் போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணிதான் கதவைத் திறந்தாள். "வா, வா. உங்கண்ணன் உன்மேல செம கடுப்புல இருக்காரு. காபி குடிச்சிட்டுத் தெம்பா திட்டு வாங்கு."

அண்ணன் டிவி முன்னால் உட்கார்ந்து இரண்டாவது தடவை ஆடிக்கொண்டிருந்தான்.

"மறுபடியுமா?"

"எங்கயாவது ஒரு வழி விட்டிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நான்காவது துறையில் ஒரு வைத்தியர் வந்தார். "நாற்பது மூலிகை கொண்டுவா, குணப்படுத்துகிறேன்" என்றார். அண்ணன் மலையேறினான். பழுதான லிஃப்டைச் சோதிப்பதுபோல ஒரு பாறை இடுக்கு விடாமல் தேடிப் பறித்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அவளால் உட்கார முடியவில்லை. விளையாடுகிறவர்கள் மலைப்பக்கமே போகமாட்டேன் என்கிறார்கள், ஒரு காரணம் கொடு என்று அலுவலகத்தில் யாரோ கேட்டதற்காக, சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் அவள் எழுதிப்போட்ட ஒற்றை வரிதான் வைத்தியரின் அந்த வாக்கு.

நாற்பதையும் வாங்கிக்கொண்ட வைத்தியர், "இனிக் கவலையில்லை" என்றார். அண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"அவ சாகறதுல எனக்குக் கோபமே இல்ல. அப்பாவுக்கு முடியாம போனப்ப டாக்டர் மறைக்காம சொன்னாரு. நாம லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே இருந்தோம். அவர் பேசினாரு, கேட்டோம். இங்க இந்த ஆளை நம்பி நான் புல் பறிச்சிட்டுத் திரியறேன், அவ படகுல தனியா கிடக்கறா. லிஃப்ட் ஓடாதுன்னா வெளியவே போர்டு மாட்டுவோம். ஏத்திவிட்டுட்டு நடுவுல சொல்ல மாட்டோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் அதை யோசிக்கவே இல்லண்ணா" என்றாள். காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை பதினோரு பக்கங்களோடு கேப்டன் முன்னால் போய் நின்றாள். புதிய பக்கங்களில் வைத்தியர் எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொன்னார்: "இந்த நோய்க்கு மருந்தில்லை. மூலிகை கொண்டுவந்தால் வலியைக் குறைக்கலாம்." மலைக்குப் போகலாம், போகாமல் படகிலேயே தங்கையோடு உட்கார்ந்தும் இருக்கலாம். உட்கார்ந்தால் அவள் பேசுவாள்.

"கடைசில சாவு?"

"இருக்கு சார்."

"அப்ப திட்டு நிக்காதும்மா!"

"நிக்காது. ஆனா ஏமாத்திட்டீங்கன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. வேற ஆளை வெச்சு எழுதறதுன்னா என் பேரை எடுத்துட்டு எழுதுங்க. அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க."

நின்றபடி படிக்கத் தொடங்கிய கேப்டன், மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்தார். முடித்ததும் பக்கங்களை ஒன்றாக அடுக்கி வைத்தார். பிறகு, "தங்கச்சிக்குக் குரல் கொடுத்த பொண்ணை வரச்சொல்லு" என்றார்.

ஆறு வாரத்தில் அப்டேட் வந்தது. சண்டை ஓயவில்லை. திட்டியவர்களில் பலர் மனம் மாறினார்கள், பாராட்டியவர்களில் சிலர், "முன்னாடியே சொல்லிட்டா அதிர்ச்சி எங்க இருக்கு?" என்று புதிதாகக் கிளம்பினார்கள். அவள் ஒன்றுவிடாமல் படித்தாள்.

புதன்கிழமை மதியம் அண்ணன் கூப்பிட்டான். 

"செத்துட்டா. நான் மலைக்கே போகல, படகுலயே இருந்தேன்."

"என்ன பேசினா?"

"எழுதினவ நீ, என்னைக் கேக்கறியா?" மூக்கை உறிஞ்சினான். "போன தடவையைவிட ஜாஸ்தியா அழுதேன். ஆனா உன்னைத் திட்டணும்னு தோணல."

போனை வைத்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கேம் துளியும் பிடிக்கவில்லை என்று ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவருக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள்.