நூற்றிருபது மரத்து நிழல்

சிவனாண்டியின் தோப்பில் நூற்றிருபது கொய்யா மரங்களையும் முழங்கால் உயரத்துக்கு அறுத்துத் தள்ளிய மறுநாள் காலை, அவற்றின் நிழல் எப்போதும்போல சோலார் பேனல்கள் மேல் விழுந்தது. மேலூருக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது அந்தத் தோப்பு. அறுத்தது 2021 ஆடி எட்டு, சனிக்கிழமை. நிழல் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை.

பேனல்கள் வந்தது அதற்கு இரண்டரை வருஷம் முன்பு. ஒரு சென்னைக் கம்பெனி பத்தடி இரும்புக் கால் நட்டு, மரங்களுக்கு மேலே வரிசை வரிசையாகப் பேனல் பரப்பியது. மேலே விளையும் கரண்ட் கம்பெனிக்கு, கீழே விளையும் பழம் சிவனாண்டிக்கு என்று பேச்சு. கம்பெனிக்காரனிடம் பேச வீட்டிலேயே ஆள் இருந்தது. மகள் ரோகிணி மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தாள், அந்த வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கம்பெனி அவளுக்கே சைட் சூப்பர்வைசர் வேலை கொடுத்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தது. திட்டம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. சித்திரை வெயிலில் வெந்து தோல் கறுக்கும் பழம் பேனலுக்குக் கீழே கறுக்கவில்லை. பாதித் தண்ணீர் போதுமாயிருந்தது. சந்தையில் அந்தப் பழத்தைக் கேட்டு வாங்கினார்கள். ஊரே ரோகிணியைப் படித்த புள்ளை, படித்த புள்ளை என்றது. சொன்னவர்களுக்கு அதில் நட்டமில்லை. அவள் அதை நம்பியதில்தான் கோளாறு.

மூன்றாம் வருஷம் மரங்கள் பேனல் வரிசைகளுக்கு நடுவே இருந்த சந்தில் தலை நீட்டின. கம்பெனி இன்ஜினியர் ஷ்யாம் வந்து பார்த்துவிட்டு, ஒரு பேனலில் கையகல நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கக் கரண்ட் படுத்துவிடும் என்று சொல்லி, ஒரு வாரத்தில் கொப்புகளை எட்டடிக்கு இறக்கச் சொன்னான். அது உண்மை, ரோகிணி அதைப் பாடத்திலும் படித்திருந்தாள். சிவனாண்டியும் மறுக்கவில்லை. கொய்யாவுக்குக் கவாத்து அவர் வருஷாவருஷம் செய்வதுதான். ஆனால் அறுவடை முடிந்துதான் செய்வார். காய் பிடித்த மரத்தில் கத்தி வைப்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் வழக்கமில்லை.

"நாப்பது நாளுதேன் கேக்குறேன். காய எறக்கிட்டு நானே வெட்டித் தாரேன்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லு," என்றார்.

ரோகிணி சொன்னாள். ஷ்யாம் சிரித்தான். "சொந்த வீட்டுலயே உங்க பேச்சு எடுபடலைன்னா எப்படி மேடம்?" என்று மட்டும் கேட்டான். அவளை வாழ்க்கையில் முதன்முதலாக மேடம் என்று கூப்பிட்டவன் அவன்தான்.

சிவனாண்டி டி. கல்லுப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று ரோகிணி மரம் அறுக்கிற காளை என்பவரைக் கூட்டிவந்தாள். அவர் மெஷினைத் தரையில் வைத்துவிட்டு மரங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"அம்புட்டும் காயா நிக்கிதேத்தா. அண்ணே வந்துரட்டுமே. புள்ளத்தாச்சிய அறுக்குற மாதிரில்ல இருக்கு."

"மரத்துக்கு ஏது மாமா மாசக் கணக்கு? நான் படிச்சுட்டுத்தான சொல்றேன். அறுங்க."

எட்டடிக்கு இறக்கினால் போதும் என்றுதான் கம்பெனி கேட்டது. முழங்கால் உயரம் என்றவள் ரோகிணி. வருஷாவருஷம் இதே பஞ்சாயத்து வேண்டாம் என்று நினைத்தாள். குற்றம் முழுக்கக் கம்பெனியுடையது என்று எழுதினால் வசதியாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை.

ஊர் திரும்பிய சிவனாண்டி கீழே கிடந்த பிஞ்சுகளைப் பொறுக்கி ஏழு சாக்கில் கட்டினார். அன்றிலிருந்து மகளிடம் பேசுவதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதை மனைவி சோலையம்மாளிடம் சொல்வார், மகள் பக்கத்திலேயே நின்றாலும். "அவளச் சாப்புடச் சொல்லு." சோலையம்மாள் சொல்லுவாள். ரோகிணி சாப்பிடுவாள். கொய்யா எங்கே வெட்டினாலும் துளிர்க்கிற சாதி. அந்த நூற்றிருபதில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை.

நிழலைக் கம்பெனி முதலில் அழுக்கு என்று நினைத்தது. ஆட்கள் ஏறித் தண்ணீர் அடித்துத் துடைத்தார்கள். நிழல் ஈரமானது, போகவில்லை. சென்னையிலிருந்து மீட்டர்களோடு ஒரு குழு வந்து மூன்று நாள் அளந்துவிட்டு, தூசு என்று அறிக்கை எழுதிப் போனது. ஆவணியில் நிழலில் காய் பருத்தது. கிளிகள் வழக்கம்போல வந்து, பேனல் விளிம்பில் உட்கார்ந்து நிழலைக் கொத்திப் பார்த்து, வாய்க்கு எதுவும் அகப்படாமல் கத்திவிட்டுப் போயின. வருஷத்துக்கு வருஷம் நிழல் வளர்ந்தது. கரண்ட் ஒரு மோட்டார் ஓட்டவும் போதவில்லை. 2023 கார்த்திகையில் கம்பெனி பேனல்களைக் கழற்றி லாரியில் ஏற்றியது. ரோகிணியின் கழுத்து அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

தாங்கப் பேனல் இல்லாததால் நிழல் தரையில் இறங்கியது. மொட்டைக் கட்டைகளுக்கு நடுவே நல்ல அடர்ந்த நிழல், அசலான குளிர்ச்சி. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே வந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் பயிர் அடங்கல் பதிவேட்டில் கொய்யா என்று எழுதி, பக்கத்தில் நிழல் என்று சேர்த்துக்கொண்டார். சிவனாண்டி பகல் முழுக்க அங்கேதான் கிடந்தார்.

ரோகிணி ஒருநாள் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனபோதுதான் ஊருக்கு அது தெரிந்தது. அவள் உள்ளே வர வர நிழல் விலகியது. அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு வெயில், அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

"ஏத்தா, தள்ளி நில்லு. எங்க மேலயும் அடிக்கிது," என்றாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தி. "இம்புட்டு வெயில எங்க வச்சிருந்த?"

எல்லாரும் சிரித்தார்கள். சிவனாண்டி சிரிக்கவில்லை, அவள் பக்கம் பார்க்கவும் இல்லை. ரோகிணி தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டாள். பிறகு ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பலமுறை போனாள். ஒவ்வொரு கட்டையின் முன்னும் நின்று பார்த்தாள். நூற்றிருபதில் ஒன்றின் நிழலாவது தன்மேல் விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை.

2025 மாசிக்குள் நிழல் தோப்பைத் தாண்டி வீட்டுக் களம் வரைக்கும் வந்துவிட்டது. சோலையம்மாள் பரப்பிய மிளகாய் நாலு நாளாகியும் காயாமல் பூசணம் பிடிக்கத் தொடங்கியது. அவள் புலம்பியபடி கிளறிக்கொண்டிருந்தாள். களத்து ஓரம் உட்கார்ந்திருந்த சிவனாண்டி ஒரு மிளகாயை எடுத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு வீட்டு வாசலைப் பார்த்து, நடுவில் யாரையும் வைக்காமல் சொன்னார்.

"மொளகா காயல. இங்கன வந்து செத்த நேரம் நில்லுத்தா."

அவர் மகளோடு பேசி மூன்றரை வருஷம் ஆகியிருந்தது. ரோகிணி வந்து களத்தின் நடுவில் நின்றாள். ஒரு பாய் அளவு காய்ந்ததும் சிவனாண்டி கையால் காட்டுவார், அவள் அடுத்த இடத்துக்கு நகர்வாள். சாயங்காலத்துக்குள் பாதி மிளகாய் காய்ந்தது. மீதிக்கு மறுநாளும் வரச் சொன்னார்.